வெள்ளிக்கிழமை வரிசை

மரகதவல்லி நாற்பது நாள் சிறையில் இருந்தாள். ஏரியில் மண் கொட்டி மூடுகிற அரசியல்வாதி யாரென்று தன் நாலு பக்க வாரப் பத்திரிகையில் பெயர் போட்டு எழுதியதுதான் குற்றம். உள்ளே அவளுக்குச் சோற்று நினைப்புகூட இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஷட்டரைத் தட்டிக் கேட்பார்களே, "அக்கா, பேப்பர் வந்தாச்சா?" என்று, அந்த ஒரு கேள்விக்குத்தான் காது ஏங்கிக் கிடந்தது.

ஜாமீனில் வந்தாள். ஊர் எதிரே வந்தது, பார்த்தது, சந்தில் திரும்பிக்கொண்டது. டீக்கடைக்காரர், "ஐயையோ, பால் பொங்குதே!" என்று உள்ளே ஓடினார். அடுப்பே பற்றவைக்கவில்லை.

நேரே தன் குரு சட்டைச்சாமியிடம் போனாள். அவளைவிடப் பத்து வயது இளையவர். காவி கிடையாது, கட்டம் போட்ட சட்டைதான். அதனால் அந்தப் பெயர்.

"சாமி, வெள்ளிக்கிழமை அச்சு மெஷினை வாங்க ஆள் வர்றார். வித்துட்டு அண்ணன் ஊருக்கே போயிடறேன். இங்க யாருக்காக எழுதணும்?"

சாமி ஒரு செங்கல்லை எடுத்தார். கடைத்தெரு வழியே நடந்து, பூட்டிக் கிடந்த பத்திரிகை ஆபீஸ் வாசலில் வைத்தார்.

"என்ன சாமி இது?"

"ரேஷன் கடையில கல்லு வெச்சு இடம் போட்டதில்லையாம்மா நீங்க?"

அவ்வளவுதான். போய்விட்டார்.

மறுநாள் செங்கல்லுக்குப் பின்னால் ஒரு கருங்கல். அதற்கு மறுநாள் ஓட்டைக் குடம், ஒற்றைச் செருப்பு, மஞ்சள் பை. வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் வந்தார். குரல் மீசைக்குள்ளிருந்து வந்தது.

"யாருதுய்யா இந்தச் செருப்பு?"

தெருவே குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டது.

"ஐயா, குடத்து மேல எந்த செக்‌ஷன்ல கேஸ் போடறதுங்க?" என்றார் ஏட்டு, ரொம்பப் பணிவாக.

எல்லாவற்றையும் வண்டியில் அள்ளிப் போனார்கள். விடிந்து பார்த்தால் புதிதாக ஒரு வரிசை, தெருக்கோடி பால் பூத்தையே தொட்டிருந்தது. நடுவில் அடி கருகிய பால் சட்டி ஒன்று. மரகதவல்லிக்கு அந்தச் சட்டியைத் தெரியும். டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை. மெஷின் வாங்குகிறவர் வண்டியோடு வந்துவிட்டார். சாமியும் வந்தார். அவள் ஆபீஸ் சாவியை எடுத்தாள்.

"சாமி, ஆள் ஒருத்தர்கூட இல்லையே. கல்லும் சட்டியுமா என் பேப்பரைப் படிக்கும்?"

சாமி வரிசையோடு நடந்தார். கல்லைத் தாண்டி, சட்டியைத் தாண்டி, பால் பூத்தையும் தாண்டிக் கடைசியில் போய் நின்றார். சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்:

"அக்கா! பேப்பர் வந்தாச்சா?"