பெட்டிக்குள் மோட்டார்

கோபி டவுனுக்குப் பக்கத்தில் காளைமேட்டில் வெள்ளிங்கிரிக்கு வாழைத்தோப்பு இருந்தது. புத்தி இருந்ததா என்று யாரும் தேடிப் பார்த்ததில்லை. அண்ணன் நாச்சிமுத்துவும், அண்ணனின் மச்சினன் அத்தப்பனும் கூடவே இருந்ததால் அப்படித் தேடும் எண்ணமும் யாருக்கும் வரவில்லை.

சித்திரை வெயிலில் கிணற்று மோட்டார் புகைந்து நின்றது. வாழை தார் விடும் நேரம். தண்ணீரில்லாமல் இலையெல்லாம் தொங்கிப்போக, வெள்ளிங்கிரிக்குச் சோறு இறங்கவில்லை. புது மோட்டார் வாங்கக் கறவை மாட்டை விற்றார்கள்.

கடைக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றபோது, வெள்ளிங்கிரி போனில் ராஜா விளையாட்டு ஆடினான். திரையில் ஒரு பெட்டி வந்து குதித்தது. ‘சாவி வாங்குங்கள்! உள்ளே எது வேண்டுமானாலும் இருக்கலாம்!’

“அண்ணா, எது வேண்ணாலும் இருக்கலாமாங்க.”

“மோட்டாருமா?”

“இருக்காதுன்னு போடலீங்களே.”

அத்தப்பன் எதையும் ஆராயாமல் செய்கிறவனல்ல. “கடைல வாங்குனா மோட்டார் மட்டுந்தான் வரும் மாமா. இதுல மோட்டாரும் வரும், பெட்டியும் மிச்சம்.”

பஸ் வந்தது. கையைக் காட்டிப் போகச் சொன்னார்கள்.

முதல் பெட்டியில் தொப்பி வந்தது. அடுத்ததில் நீலக் கத்தி. ‘ஐயோ, மயிரிழையில் தவறிவிட்டது! மறுபடி முயலுங்கள்!’ என்றது போன்.

“பாவம், வருத்தப்படுதுடா,” என்றான் நாச்சிமுத்து. வருத்தப்படுகிறவர்களை விட்டுவிட்டு எழுந்து போவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. மாடு விற்ற பணத்தில் முன்னங்கால் போயிற்று, பின்னங்கால் போயிற்று, கடைசியில் வால்தான் மிச்சம்.

அப்போது வெள்ளைக் குதிரை வந்தது. ‘குதிரை உங்கள் லாயத்தில் கட்டப்பட்டது!’

மூவரும் வீட்டுக்கு ஓடினார்கள். கொட்டகை காலி.

“எவனோ அவுத்துட்டுப் போயிட்டானுங்கண்ணா!”

“குதிரை கெடக்குதுடா, மாட்டையுமல்ல காணோம்!” நாச்சிமுத்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

ஸ்டேஷனில் ஏட்டு போனை வாங்கிப் பார்த்தார். “குதிரை போனுக்குள்ளதான்யா இருக்கு. மாட்டை வித்தது நீங்கதானேய்யா!”

இரண்டும் களவு போகவில்லை என்று மனநிம்மதியோடு திரும்பினார்கள். வழியில் போனுக்கு ஒரு கட்டுப் புல் வாங்கினார்கள்.

மிச்சமிருந்த வாலுக்கும் சாவி வாங்கினான் வெள்ளிங்கிரி. ‘கனமழை மந்திரம்! இப்போதே பயன்படுத்துங்கள்!’ வாடிய தோப்பின் நடுவே நின்று, கண் கலங்க, அழுத்தினான்.

காலையிலிருந்தே கறுத்துக் கிடந்த வானம் அந்த நேரம் பார்த்துக் கொட்டியது. வாழை சிலிர்த்துக்கொண்டது. வெள்ளிங்கிரி சேற்றில் குதித்துக் குதித்து ஆடினான். திடீரென்று நின்றான்.

“அண்ணா! நாம வாங்குன மழை பக்கத்து மாராக்கா காட்டுலயும் பேயுது!”

“அந்தக்கா சாவி வாங்குச்சா?”

“ஒண்ணுகூட வாங்கலீங்க.”

“அப்பறம் எந்த நாயத்துல நனையுது?”

வீட்டிலிருந்த தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வேலி தாண்டினார்கள். மாராக்காளின் நிலத்துக்கு மேலே ஆளுக்கொரு மூலையாக இழுத்துப் பிடித்து, நாலாவது மூலையை முருங்கையில் கட்டி, கை கடுக்க நின்றார்கள்.

மாராக்காள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். பிடுங்கிக் காயப்போட்ட வெங்காயம் முழுக்க அந்தத் தார்ப்பாய்க்கு அடியில்தான் கிடந்தது. தார்ப்பாயைப் பார்த்ததும் சேற்றிலேயே விழுந்து கும்பிட்டாள்.

“சாமிகளா, நீங்க நல்லா இருக்கோணும்!”

மீசையில் வழிந்த தண்ணீரை வெள்ளிங்கிரி ஊதித் தள்ளினான்.

“எத்தனை கும்பிட்டாலும் சரீங்கக்கா, ஒரு சொட்டுகூட உடமாட்டோம்.”