மிச்சம் வைக்கும் கரி

வேழமங்கலத்து ராஜாவுக்கு மிச்சம் என்றால் உயிர். எந்த வேலை நடந்தாலும் முடிவில், "எவ்வளவு மிஞ்சியது?" என்றுதான் கேட்பார். நிறைய மிஞ்சினால் அதிகாரி நல்லவர். அந்தக் கணக்கில் பண்டசாலை அதிகாரி கோனேரியார் மிக மிக நல்லவர்.

அவர் அரண்மனை அடுப்புக்கு அனுப்பிய நிலக்கரியில் பாதி கல். ராஜாவின் சோற்றில் சாம்பல் பறந்து விழுந்தது. அமைச்சர் சீராளர் ஒரு வழி சொன்னார். கரியை உடைத்துத் தொட்டித் தண்ணீரில் அலசினால் கனத்த கல் அடியில் தங்கிவிடும். மேலே நிற்பதை அள்ளி உலர்த்தி எரித்தால் சாம்பல் குறையும்.

"அலசிய கரி, அலசாத கரி இரண்டையும் எரித்துப் பார்ப்போம். தோற்றவர் ஊரைவிட்டுப் போக வேண்டும்" என்றார் ராஜா.

இரண்டு அடுப்பு, ஆளுக்கொரு கூடைக் கரி. சீராளரின் அடுப்பில் பால் பொங்கி இறக்கியாயிற்று. கோனேரியாரின் அடுப்பு அப்போதுதான் புகைந்துகொண்டிருந்தது. இரண்டும் அணைந்ததும் கோனேரியார் குனிந்து சாம்பலை அள்ளினார்.

"மகாராஜா, அமைச்சர் ஒரு கூடை போட்டார். ஒரு கைப்பிடிதான் இருக்கிறது. மீதியெல்லாம் தொலைத்துவிட்டார். என் அடுப்பில் அரைக்கூடை அப்படியே மிச்சம்."

"பால் எதில் முதலில் பொங்கியது ஐயா?" என்றார் சீராளர்.

"பொங்கியதை யார் கேட்டார்கள்? மிஞ்சியதைச் சொல்லும்."

ராஜா தலையாட்டினார். "சீராளரே, மூட்டை கட்டும்."

சீராளர் கைகூப்பினார். "கட்டுகிறேன். அதற்கு முன் ஒன்று. கோனேரியார் சொல்கிறபடி பார்த்தால் இதைவிட உயர்ந்த சரக்கு என்னிடம் இருக்கிறது. ஒரு கூடை போட்டால் ஒரு கூடையும் மிஞ்சும்."

ராஜாவின் கண் விரிந்தது. "அதை ஏன் ஒளித்து வைத்தீர்? இன்றைய சமையல் அதில்தான்."

மதியமாயிற்று. இலை போட்டார்கள். இலை வாடியது. பொறுக்க முடியாமல் ராஜா சமையற்கட்டுக்கே வந்துவிட்டார். அடுப்பில் பற்றவைத்த வைக்கோல் எரிந்து தீர்ந்திருந்தது. மேலே கரி பூசிய கருங்கல் துண்டுகள். பானையில் அரிசி நீந்திக்கொண்டிருந்தது. சீராளர் பயபக்தியோடு விசிறிக்கொண்டிருந்தார்.

"சோறு எங்கே ஓய்?"

"சோறு ஆகவில்லை மகாராஜா. ஆனால் சரக்கு துளியும் குறையவில்லை. கோனேரியாரே அளந்து பார்த்துவிட்டார்."

"துளியும் குறையவில்லையா?"

"இந்த அடுப்பில் எதுவும் குறையாது மகாராஜா. தங்கள் பசி உட்பட."

ராஜா முறைத்தார். பிறகு வயிறு இரைய இரையச் சிரித்தார். "எனக்கு முதலிலேயே தெரியும். உங்களைத்தான் சோதித்தேன்" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். கோனேரியார்தான் சத்தமாகச் சொன்னார். ராஜா அவரைக் கரி அலசும் தொட்டிக்கு மாற்றினார்.

"மூட்டையை அவிழும் சீராளரே. என்ன பரிசு வேண்டும்?"

"கழுவிய கரி ஒரு கூடை, மகாராஜா. எனக்கும் பசிக்கிறது."