பின்னால் இரண்டு புது டயர்

“நேற்று என்னை ஏன் திருப்பி அனுப்பினனீ?”

குகதாசன் கேட்டான். கேட்டபடியே உள்ளே வந்தான். கதவைச் சாத்தவில்லை.

தவமலர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

“கதவு,” என்றாள்.

சாத்தினான்.

நோர்வேயின் வடக்கு நுனி. ஒரு மீன்பிடி ஊர். வெளியே போக ஒரே ஒரு பாதை. அது மலை ஏறி இறங்கும். மலைக்கு அந்தப் பக்கம் விமானநிலையம்.

குளிர்காலத்தில் காற்று எழும்பினால் பாதையைத் தடி போட்டு மறித்துவிடுவார்கள். பிறகு தனியாகப் போக முடியாது. பனி தள்ளுகிற லொறி முன்னால் போகும். கார்கள் வரிசையாகப் பின்னால் போகும். எந்தக் கார் வரலாம், எது வரக்கூடாது என்பதை லொறி ஓடுகிறவர் சொல்வார். சொன்னால் சொன்னதுதான்.

அந்த லொறியை ஓடுகிறவள் தவமலர்.

குகதாசன் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவளைவிட மூத்தவன். யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஓடியவன். அங்கே பனி பெய்யாது. அதை அவன் கணக்கில் எடுப்பதில்லை.

“நாளைக்கு நளாயினி வாறா,” என்றான்.

“தெரியும்.”

“ஒன்பது வருசம்! கலியாணம் கட்டி ஒரு மாசம் இருந்தம். பிறகு ஒன்பது வருசம்!”

“அதுவும் தெரியும். ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்கிற மீனுக்கும் சொல்லிப்போட்டீங்கள்.”

“நாளைக்கும் காத்தெண்டு சொல்லுறாங்கள். உன்ர லொறிக்குப் பின்னாலதான் போகவேணும். நீ திருப்பினால் நான் என்ன செய்யிறது?”

“பஸ்ஸும் வரும். ஏறிப் போங்கோ.”

“பஸ்ஸோ! இறங்கின உடன என்ர காரில ஏத்துவன் எண்டு சொல்லியிருக்கிறன். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லியிருக்கிறன். இப்ப போய் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கவோ?”

தவமலர் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள்.

“என்ன டயர் போட்டிருக்கிறீங்கள்?”

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தான். இரண்டு கையும் எழும்பின.

“கடையில இருந்ததில திறமான சாமான்! புத்தம் புதுசு. குளிருக்கெண்டே செய்த ரப்பர். எந்தக் குளிருக்கும் இறுகாது. நகத்தால அமத்தினால் பதியும். வெட்டு ஒவ்வொண்டும் கத்தி மாதிரி. பனியைக் கவ்விப் பிடிக்கும்!”

“எத்தினை?”

“ரெண்டு.”

“எங்க?”

“இதென்ன கேள்வி? பின்னால. என்ர கார் பின்சில்லில ஓடுற கார். எஞ்சின் சுத்திறது பின்சில்லைத்தான். முன்னுக்கு இருக்கிறது சும்மா கூட உருளுறது. கூட உருளுறதுக்கு எதுக்குப் புதுசு? பழசு காணும்.”

“கடைக்காரன் என்ன சொன்னவன்?”

“நாலையும் மாத்தச் சொன்னவன். விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்?”

“வேற என்ன செய்தனீங்கள்?”

“டிக்கிக்குள்ள அரிசி மூட்டை ரெண்டு. பாரம் பின்சில்லில இருந்தால் வழுக்காது. முந்தாநாள் தேவாலயத்தடி ஏத்தம் ஏறிக் காட்டினன். தொழிற்சாலைப் பொடியள் யன்னலால பாத்துக் கைதட்டினவங்கள். அப்பிடி ஒரு ஏத்தம்!”

“ஏறினது சரி. இறங்கினது?”

“இறங்கிறதுக்கென்ன? அது தானா இறங்கும்.”

தவமலர் ஈரக் கையைத் துடைத்தாள்.

சொன்னால் கேட்கிற ஆளில்லை அவன். திருப்பித் திருப்பிச் சொல்கிற ஆளில்லை அவள்.

அலுமாரியைத் திறந்து ஒரு சோடி ஆணி எடுத்தாள். ரப்பர் பட்டியில் இரும்பு முள் பதித்தது. சப்பாத்துக்கு மேலால் இழுத்து மாட்டினால் ஐஸில் விழாமல் நடக்கலாம்.

“புதுசு,” என்றாள். “மாட்டுங்கோ.”

“எதுக்கு?”

“கடைக்குப் போகவேணும்.”

“நான் டயரைப் பற்றிக் கேக்கிறன்.”

“நான் கடைக்குப் போறன்.”

மாட்டினான்.

வெளியே மத்தியானம். அந்த மாதத்தில் அங்கே சூரியன் எழும்பாது. மத்தியானத்தில் கொஞ்ச நேரம் வானம் நீலமாகும். அவ்வளவுதான் பகல். தெரு முழுக்க ஐஸ், கண்ணாடி மாதிரி.

வாசலில் ஒரு ஸ்பார்க் நின்றது. அது பனியில் ஓடுகிற கதிரை. காலுக்குப் பதிலாக இரண்டு நீளமான இரும்பு. ஒருவர் கதிரையில் இருப்பார். இன்னொருவர் பின்னால் நின்று காலால் உதைத்துத் தள்ளுவார். அந்த ஊர்க் கிழவிகள் அதில்தான் சாமான் வாங்கப் போவார்கள்.

குகதாசன் சிரித்தான்.

“இதிலயோ? கிழவியள் ஓடுறதில?”

“மினிபஸ் ஓடின ஆளுக்கு இது பெரிய வேலையோ?”

தேவாலயத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கிருந்து துறைமுகம் வரைக்கும் இறக்கம். பாதி வழியில் வலப்பக்கம் திரும்பினால் கடை. திரும்பாமல் போனால் மீன் தொழிற்சாலை முற்றம். அதற்கும் அங்கால் கடல்.

தவமலர் கதிரையில் இருந்தாள். பையை மடியில் வைத்தாள்.

“தள்ளுங்கோ.”

தள்ளினான். ஆணி ஐஸைக் கவ்வியது. கதிரை பறந்தது.

“ஆகா!” என்றான்.

“இவ்வளவுதானோ?”

“இவ்வளவோ? பார் இப்ப!”

உதைத்தான். இன்னும் உதைத்தான். காற்று காதில் கூவியது. வீடுகள் ஓடின. தபால் பெட்டிகள் ஓடின. ஒரு நாய் கூடவே ஓடிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது.

“எப்பிடி!” என்று கத்தினான். “ஆணி எப்பிடிப் பிடிக்குது பாத்தியோ! வழுக்கவே இல்லை!”

“கடை வருது,” என்றாள்.

கைபிடியை வலப்பக்கம் முறித்தான்.

முன்பக்கம் திரும்பியது மாதிரி இருந்தது. ஆனால் போனது நேரே.

“திருப்புங்கோ!”

“திருப்பிறன்!”

“திருப்புங்கோ அண்ணை!”

“திருப்பிறன், திரும்புதில்லை!”

கடை வலப்பக்கத்தால் போய்விட்டது.

“நிப்பாட்டுங்கோ!”

இரண்டு காலையும் ஊன்றினான். ஆணி பிடித்தது. பிடித்ததும் பின்பக்கம் சுழன்றது. முன்பக்கம் நிற்கவில்லை. தவமலரும் நிற்கவில்லை. தொழிற்சாலை முற்றம். வெறும் மீன்பெட்டி அடுக்கு. அடுக்குக்கு முன்னால் பனிக் குவியல்.

போய் விழுந்தார்கள்.

பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. கடைசிப் பெட்டி உருண்டு கடல் ஓரத்தில் போய் நின்றது.

யன்னலில் தொழிற்சாலைப் பொடியள். இந்த முறையும் கைதட்டினார்கள்.

குகதாசன் எழும்பி ஓடினான். தவமலர் இடுப்பு வரைக்கும் பனிக்குள் இருந்தாள். மடியில் ஒரு மீன்பெட்டி. வாயிலிருந்து பனியைத் துப்பினாள்.

“அடி பட்டதோ? காலை ஆட்டு! கையை ஆட்டு!”

ஆட்டிக் காட்டினாள்.

“தள்ளினது நல்லாத் தள்ளினீங்கள்,” என்றாள்.

“விசரே உனக்கு! அந்தப் பெட்டி இல்லாட்டி நேர கடலுக்குள்ள! எனக்கொண்டுமில்லை, நான் பின்னால நிண்டவன். முன்னால இருந்தது நீ!”

“ஓம்.”

“ஓம் எண்டுறாய்!”

“நாளைக்கு முன்னால ஆர் இருக்கிறது?”





குனிந்து தன் காலைப் பார்த்தான். முள் ஒவ்வொன்றும் ஐஸுக்குள் இறங்கி நின்றது. அசையவில்லை. பிறகு கவிழ்ந்து கிடந்த கதிரையைப் பார்த்தான். இரும்பு இரண்டும் மேலே தெரிந்தன. ஒன்றில் விரலை வைத்து இழுத்தான். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

பெட்டிகளைப் பார்த்தான். கடலைப் பார்த்தான்.

திடீரென்று ஓடத் தொடங்கினான்.

“அண்ணை! எங்க?”

“டயர்க் கடை! பூட்டிப்போடுவான்!”

“என்னை ஆர் தூக்கிறது?”

அவன் இறக்கத்தில் பாதி ஏறிவிட்டான்.

மறுநாள் காலை. மறித்த தடிக்கு முன்னால் கார்கள். காற்று கதவைத் திறக்க விடவில்லை. தவமலர் டோர்ச்சோடு ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் நொண்டினாள்.

குகதாசன் வெளியே நின்றான். சவரம் செய்திருந்தான். குளிர் யாக்கெட்டுக்குள் கோட் போட்டிருந்தான். கோட்டுக்குள் டை. ஒரு காலில் நிற்பதும் மறுகாலில் நிற்பதுமாக இருந்தான்.

அவள் பின்சில்லைப் பார்க்கவில்லை. நேரே முன்சில்லுக்குப் போனாள். குனிந்தாள். கையுறையைக் கழற்றி நகத்தால் அமத்தினாள். பதிந்தது. அடுத்த பக்கம் போனாள். அதுவும் பதிந்தது.

டிக்கியைத் திறந்தாள். ஒரு அரிசி மூட்டை.

“இது?”

“சமைக்க. அவ பசியோட வருவா.”

“மற்றது?”

“உன்ர வாசலில வைச்சிட்டு வந்தனான்.”

தவமலர் டிக்கியை மூடினாள்.

“எனக்குப் பின்னால முதல் கார் நீங்கள்,” என்றாள்.

தடி தூக்கினார்கள். லொறி பனியைக் கிழித்துக்கொண்டு ஏறியது. கார் பின்னால் ஏறியது.

திரும்பி வரும்போது வானம் நீலமாக இருந்தது.

நளாயினி முன்சீட்டில் இருந்தாள். அவனுடைய பெரிய யாக்கெட் கழுத்து வரைக்கும் மூடியிருந்தது. விமானநிலையத்தில் இரண்டு பேரும் கதிரையில் இருந்து அழுதார்கள். காரில் ஏறின பிறகுதான் அவள் பேசத் தொடங்கினாள். பிறகு நிறுத்தவில்லை.

“இதெல்லாம் பனியோ? முழுக்கப் பனியோ? இதுக்குள்ள மனிசர் இருக்கினமோ? நீங்கள் ஏனப்பா இப்பிடி மெலிஞ்சு போனீங்கள்? அங்க பாருங்கோ, மலை! இதுதானோ நீங்கள் சொன்ன கார்?”

“இதுதான்.”

“சீட்டெல்லாம் சுடுது!”

“அது அப்பிடித்தான். சூடாக்கி வைச்சிருக்கிறன்.”

அவள் சிரித்தாள். ரெலிபோனில் கேட்ட அதே சிரிப்பு. பக்கத்தில் கேட்டது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான்.

மலை இறக்கம். வளைவு. வளைவுக்கு அங்கால் ஒன்றும் தெரியாது.

லொறியின் சிவப்பு விளக்கு பளீரென்று எரிந்தது.

பிரேக்கை அமத்தினான்.

நாலு சில்லும் பனியைக் கவ்வின. கார் உறுமியது. கோடு கீறினது மாதிரி நேரே போய், நின்றது.

சத்தமில்லை.

கலைமான் கூட்டம். லொறிக்கு முன்னால் பாதையை நிறைத்துக்கொண்டு நடந்தது. அவசரமே இல்லை.

நளாயினியின் கை அவன் கையில் இருந்தது. எப்போது பிடித்தாள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

பிறகு அவள் மூச்சு விட்டாள். காரைச் சுற்றிப் பார்த்தாள். ஸ்டியரிங்கைத் தொட்டாள். முன்கண்ணாடியைத் தொட்டாள்.

“நல்ல கார்தானப்பா,” என்றாள். “கெதியா ஓடுமோ?”

லொறிக்கும் காருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. கூட்டத்தை விட்டுப் பிந்திய ஒரு குட்டி அதற்குள்ளால் வந்தது. விளக்குக்கு முன்னால் நின்றது. இரண்டு பேரையும் பார்த்தது. கடந்து போனது.

“நிக்கும்,” என்றான்.