மயிலாத்தாளுக்கு எந்த டிவி?

புதிர் என்றால் அதில் ஒரு ராஜாவும் மூன்று இளவரசர்களும் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இந்தப் புதிரில் இருப்பது சிங்காநல்லூரில் ஒரு சின்ன வீடு, அதில் தனியாகக் குடியிருக்கும் மயிலாத்தாள், படம் போய்விட்ட ஒரு பழைய டிவி, அவ்வளவுதான். விடைக்கு வேண்டியதையெல்லாம் வழியிலேயே போட்டுக்கொண்டு போகிறேன். குனிந்து பொறுக்குவது உங்கள் பாடு.

மயிலாத்தாளுக்கு வயது அறுபத்து நான்கு. இருபத்தாறு வருஷம் நூல் மில்லில், மிஷின்கள் வரிசையாக ஓடும் கூடத்தில் வேலை பார்த்தவள். இழை அறுந்தால் ஓடிப்போய் முடிய வேண்டும். பக்கத்தில் இடி விழுந்தாலும் அங்கே தெரியாது. அப்பேர்ப்பட்ட இரைச்சலுக்குள் நின்றுகொண்டுதான் அவளும் எதிர் மிஷின் தெய்வானையும் மாமியார் கதை முதல் மஞ்சள் விலை வரை பேசித் தீர்த்தார்கள். இருவருக்கும் நடுவே ஆறடி இருந்தது. பிறகு மில்லை மூடினார்கள். தெய்வானை மகளோடு திருப்பூர் போய்விட்டாள். மயிலாத்தாளின் கணவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது.

மகன் நந்தகுமார் மஸ்கட்டில். மகள் புவனா ஓசூரில். முதலில் இருவரும் தினம் போன் செய்தார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். இப்போது நினைத்தால் உண்டு. பழியை முழுக்கப் பிள்ளைகள் தலையில் கட்டவும் முடியாது. எதைச் சொன்னாலும் "சரி சாமி", "சரி கண்ணு" என்று சொல்லி ஒரே நிமிஷத்தில் போனை வைத்துவிடுகிற தாயிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவது? வைத்த பிறகு அந்தப் போனை மடியில் போட்டுக்கொண்டு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருப்பாள். அது அவர்களுக்குத் தெரியாது. முகம் பார்த்துப் பேசலாம் என்று மகள் ஒரு புதுப் போன் வாங்கிக் கொடுத்தாள். "மூஞ்சி கட்டைவிரலாட்டத் தெரியுது" என்று சொல்லி அதை பீரோவில் வைத்துவிட்டாள் மயிலாத்தாள்.

டிவி போன செய்தி பக்கத்து வீட்டார் வழியாக எட்டியதும் மகன் போனில் சொன்னான்: "அம்பத்தஞ்சு இன்ச்சு வாங்கிக்கலாம்மா. பெரிய ஸ்பீக்கரும் சேர்த்து. தியேட்டராட்ட இருக்கும்."

"சரி சாமி."

அரை மணி கழித்து மகள்: "நம்ம ஊட்டு ஹாலுக்கு முப்பத்திரண்டே தாராளம்மா. பெருசெல்லாம் வேண்டாம்."

"சரி கண்ணு."

இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சுவரோ ஒன்று. அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டபோது குட்டு வெளிப்பட்டது. "நாம பேசறது அம்மாளுக்கு ஒரு பொருட்டே இல்ல. இனி எதுக்குப் போன் பண்றது?" என்று நந்தகுமார் சலித்துக்கொண்டான். டிவி கிடக்கட்டும், இந்தக் கதையில் பயப்பட வேண்டியது இந்தச் சலிப்புக்குத்தான். எப்போதாவது வருகிற அந்தப் போனும் நின்றுபோனால் பிள்ளைகளோடு அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே இழையும் அறுந்துவிடும்.

புவனா ஊருக்கு வந்து தாயைக் கடைக்குக் கூட்டிப்போனாள். சுவர் முழுக்க டிவிகள். அத்தனையிலும் ஒரே நாடகம் ஓடியது, சத்தத்தை மட்டும் அடைத்து வைத்திருந்தார்கள். விற்பனைக்கு நின்ற ரோஸ்லின் என்ற நடுத்தர வயதுப் பெண்ணிடம், அண்ணன் கேட்டதையும் தான் கேட்பதையும் புவனா விவரித்துக்கொண்டிருந்தாள். மயிலாத்தாள் டிவிகளைப் பார்த்தபடி நின்றாள். நாடகத்தில் மருமகள் மாமியாரிடம் ஏதோ சொன்னாள். மயிலாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். புவனா அதைக் கவனிக்கவில்லை. ரோஸ்லின் கவனித்தாள்.

"அம்மா, நீங்க உக்கார்ற எடத்துல இருந்து சுவரு எத்தனை அடி இருக்குங்க?" என்று அவள் பின்னாலிருந்து கேட்டாள். பதில் இல்லை. முன்னால் வந்து நின்று அதையே கேட்டாள்.

"ஆறடி இருக்கும் கண்ணு" என்று பட்டென்று பதில் வந்தது.

ரோஸ்லின் அவளை நாற்பத்து மூன்று அங்குல டிவி ஒன்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். விரல் நீளத்தில் ஒரு கேமராவையும் எடுத்து வந்தாள். "இத மேல மாட்டிக்கிட்டீங்கன்னா உங்க பையன் மஸ்கட்ல இருந்து இதுலயே வருவாருங்க. மொகம் நேர்ல பாக்கற அளவுக்கே தெரியும். ஸ்பீக்கர் வேண்டாங்க."

"போன்லயே நாலு வார்த்தை பேச மாட்டாங்க. கேமரா எதுக்குங்க?" என்றாள் புவனா.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பெற்ற மகன் ஐம்பத்தைந்து என்கிறான். பெற்ற மகள் முப்பத்திரண்டு என்கிறாள். முன்பின் பழக்கமில்லாத ஒருத்தி நாற்பத்து மூன்று என்கிறாள். மூவரில் யார் தேர்ந்தெடுத்தது சரி? ஏன்?

விடை: ரோஸ்லின் தேர்ந்தெடுத்ததுதான் சரி. மில் இரைச்சல் மயிலாத்தாளின் காதை எப்போதோ தின்றுவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வீட்டைப் பூட்டித் தன்னைக் கையோடு கூட்டிப்போய்விடுவார்கள் என்று பயந்து அவள் மறைத்தாள். போனில் அவள் சொன்ன "சரி" எல்லாம் கேட்காமல் சொன்ன சரி. ஆனால் உதட்டைப் பார்த்துப் பேச்சை வாங்கும் வித்தையை அதே மில்தான் அவளுக்குக் கொடுத்திருந்தது. ஆறடி தூரம், ஆள் முகத்தின் அளவு, இரண்டும் இருந்தால் போதும். சின்ன டிவியில் முகம் சுருங்கும், பெரியதில் ஊதும், நடுவாந்தரத்தில்தான் முகம் முகமாக இருக்கும். ரோஸ்லின் விடாமல் சொன்னதால் புவனா அதையே கேமராவோடு வாங்கி மாட்டினாள். அன்று சாயங்காலமே புது டிவியில் நந்தகுமார் வந்தான். "என்னம்மா, நல்லாத் தெரியறனா?" என்றான். மயிலாத்தாள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். இந்த முறை அவள் "சரி சாமி" என்று சொல்லவில்லை. "மீசையக் கொஞ்சம் கத்திரி சாமி. ஒதடு தெரியல, நீ பேசறது எனக்குப் புரியல" என்றாள். அவனுக்கு விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மறுநாள் அதே நேரத்துக்கு அவன் மீசையில்லாமல் வந்தான்.