அப்பா வந்தால் நொண்டாத மான்குட்டி

ஏரிக்கரைக் காட்டில் வருஷா வருஷம் ஓட்டப் பந்தயம் நடக்கும். கிளைக்கொம்பன் என்ற புள்ளிமான் அதில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அதனால் என்ன? மகள் செவந்தி ஜெயித்துவிட்டால் போதாதா!

விடிந்தால் ஓட்டம், வெயில் ஏறினாலும் ஓட்டம். பாவம், செவந்திக்கு நிம்மதியாக நாலு வாய் புல் மேயக்கூட நேரமில்லை.

"இன்னும் வேகமா! அந்தக் கடமான் குட்டி எப்படி ஓடுது பாரு!" என்று பின்னாலேயே வந்து கத்தும் கிளைக்கொம்பன்.

"சரிப்பா!" என்று செவந்தி ஓடும். வேறு பேச்சே கிடையாது.

பந்தயத்துக்கு முந்தின நாள், நாவல் மரத்து மந்தி கிளைக்கொம்பனைக் கூப்பிட்டது.

"அண்ணே, உங்க பொண்ணு நொண்டுறா! குளம்புக்கு மேலே வீங்கியிருக்கு. கவனிக்கலையா?"

"என் பொண்ணா? காலையிலகூட என்னமா ஓடினா! உனக்கென்ன கண்ணு கெட்டுப்போச்சா?"

"நீங்க இருந்தா ஓடுவா. நீங்க அந்தப் பக்கம் போனா நொண்டுவா. நாலு நாளா மேலேயிருந்து பார்க்கிறேன். நம்பாட்டி, புதருக்குப் பின்னால நின்னு நீங்களே பாருங்க!"

கிளைக்கொம்பன் மறைந்து நின்று பார்த்தது. செவந்தி ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி மூன்று காலால் தத்தித் தத்தித் தண்ணீருக்குப் போனது. கிளைக்கொம்பன் பதறி ஓரடி எடுத்து வைத்தது. சருகுச் சத்தம் கேட்டதுதான் தாமதம், செவந்தி நாலு காலையும் ஊன்றி விறைப்பாக நின்றுவிட்டது! கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டியது.

"ஏம்மா மறைச்சே? நொண்டுற மானைப் பார்த்துத்தான் புலி பாயும். அதனால புலிகிட்டதானே நாம மறைப்போம்? அப்பாகிட்ட எதுக்கும்மா?"

செவந்தி தலையைக் குனிந்துகொண்டது.

"நீங்க வர்ற சத்தம் கேட்டாலும் எனக்கு அதே மாதிரிதாம்ப்பா பயமா இருக்கு."

கிளைக்கொம்பன் குனிந்து மகளின் வீங்கிய காலை மெல்ல நக்கிக் கொடுத்தது.

மறுநாள் பந்தயத்தில் கடமான் குட்டிதான் ஜெயித்ததாம். அப்பனும் மகளும் அந்தப் பக்கமே போகவில்லை. நிழலில் படுத்திருந்த செவந்தி எழப் பார்த்தது.

"ஐயோ, வலிக்குதுப்பா!" என்று வாய்விட்டுக் கத்தியது.

அதைக் கேட்ட பிறகுதான் கிளைக்கொம்பனுக்கு உயிர் வந்தது.

பிள்ளை பந்தயத்தில் ஜெயிக்கிறதா என்பதைவிட, வலித்தால் நம்மிடம் வந்து சொல்கிறதா என்பதைத்தான் பெற்றவர்கள் பார்க்க வேண்டும்.