நடுக்கோட்டுப் படம்

கோபி நகர நூலகத்தின் மாடியில், பணி ஓய்வு பெற்றவர்களுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறாள் ஜுலைகா. அவளுக்கு முப்பது வயது. மாணவர்கள் எல்லோருக்கும் அதில் இரு மடங்கு. அவர்களில் மகுடபதி மட்டும் அவளை "குருவே" என்று கூப்பிடுவார். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார். எந்த நாளில் அதிலிருந்து கேலி போனதென்று அவருக்கே தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை, அவர் அழைத்ததால் அவள் அவருடைய வீட்டுக்கு வந்தாள்.

"வாங்க குருவே. தோத்துட்டேன்," என்றார்.

"எதுலீங்ணா?"

"இதுகிட்ட."

மேசைமேல் சாம்பல் நிறத்தில், செருப்புப் பெட்டி அளவில் ஒரு பிலிம் ஸ்கேனர் இருந்தது. இருபத்தைந்து வயதான இயந்திரம். மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து வாங்கி வந்தார். அதன் கேபிள் விரல் தடிமன். அதைச் செருகும் துளை புதுக் கணினியில் இல்லை. ஜுலைகா சொன்னபடி, அந்தத் துளை உள்ள ஒரு அட்டையைத் தேடிப்பிடித்துக் கணினிக்குள் பொருத்தினார். ஸ்கேனரோடு வந்த மென்பொருள் புதுக் கணினியில் ஓடவில்லை. பழைய ஸ்கேனர்களோடு பேசத் தெரிந்த வேறொன்றை அவளே போட்டுக் கொடுத்தாள். எல்லாம் இருந்தும் திரையில் ஒரே பதில்தான் வந்தது. ஸ்கேனர் எதுவும் இல்லை.

"மூணு வாரமாச்சு. கேபிளை மாத்திட்டேன். மென்பொருளை நாலு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டேன். நாளைக்கு மகளுக்கு நிச்சயம்."

"நிச்சயத்துக்கும் ஸ்கேனருக்கும் என்னங்ணா சம்பந்தம்?"

"எங்க சம்பந்தியம்மாதான் சம்பந்தம்."

அவர் சொன்னார். முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன் மாவட்டப் பெண்கள் கபடி இறுதி ஆட்டம். கோபி அணியில் தெய்வானை. பிறகு அவருக்கு மனைவியானவள். அந்தியூர் அணிக்குத் தலைவி பூங்கொடி. கடைசியாகப் பாடிப்போன தெய்வானை இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். பூங்கொடி அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். விழுந்தபடியே நடுக்கோட்டை நோக்கிக் கை நீட்டினாள் தெய்வானை. விரல் கோட்டைத் தொட்டது என்றார் நடுவர். கோபி வென்றது. தொடவில்லை என்றாள் பூங்கொடி. இன்றைக்கும் அதையே சொல்கிறாள். தொட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்பது மகுடபதியின் சாட்சி. அந்தச் சண்டையிலேயே இருவரும் சிநேகிதிகள் ஆனார்கள். இப்போது பூங்கொடியின் மகன்தான் மாப்பிள்ளை.

"பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு, பஜ்ஜியைக் கையில வெச்சுக்கிட்டு, 'எல்லாம் சரி, அன்னைக்கு நீ கோட்டைத் தொடலை தெய்வானை'ன்னாங்க. இவ சும்மா இருக்கலாமல்ல? 'எங்க வீட்டுக்காரர் படம் எடுத்திருக்காரு'ன்னுட்டா. 'நிச்சயத்தன்னைக்குக் கொண்டா, சபையில ஒத்துக்கறேன்'னு அந்தம்மா சொல்லிட்டாங்க."

"படம் இருக்குதுங்களா?"

"நெகட்டிவ் இருக்குது. பரிசு குடுத்ததை மட்டும் அன்னைக்குப் பிரிண்ட் போட்டாங்க. இதை நான் பார்த்ததே இல்லை. ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுப் போன்ல எடுத்துப் பார்த்தேன். விரலும் மண்ணும் ஒண்ணாக் கலந்து கெடக்குது."

"அப்புறம் எப்படிங்ணா தொட்டாங்கன்னு இத்தனை வருசமாச் சாட்சி சொல்றீங்க?"

உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் மகுடபதி குரலைத் தாழ்த்தினார்.

"அதுதான் அம்மணி என்னைய அரிக்குது. நான் கண்ணால பார்த்தனா, அவமேல இருந்த ஆசையில பார்த்தனா? இது வேலை செய்யணும்னு ஒரு மனசு. செய்யாமலே கெடந்துறணும்னு ஒரு மனசு."

ஜுலைகா கேபிளையும் தொடவில்லை, கணினியையும் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல இருந்து ஒருக்கா செஞ்சு காட்டுங்க."

மகுடபதி கணினியைப் போட்டார். அது முழுதாக எழும்வரை காத்திருந்தார். மென்பொருளைத் திறந்தார். அதன்பிறகு, தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவது போல, ஸ்கேனரின் ஸ்விட்சை மெதுவாக அழுத்தினார்.

ஸ்கேனர் எதுவும் இல்லை என்றது திரை.

"ஸ்கேனரை ஏன் கடைசியில போடறீங்க?"

"வயசான மெஷினுங்க. முன்னாடியே போட்டு எதுக்குச் சும்மா சூடேத்தறது? வேலைன்னு வரும்போது கூப்பிட்டுக்கலாம்னுதான்."

"உங்க சனத்துக் கல்யாணத்துல சீர் செஞ்சு வைக்க அருமைக்காரர்னு ஒரு பெரியவர் வருவாரே, அவர் எப்ப வருவாரு?"

"முதல்ல அவர்தான் வரணும். அவர் வந்து உட்கார்ந்தாத்தான் எந்தச் சீரையும் தொடங்கலாம்."

"வயசானவராச்சே. தாலி கட்டற நேரத்துக்கு வந்தாப் போதும்னு சொல்லிறலாமல்ல?"

"அதெப்படிங்க? அவர் இல்லாம மாப்பிள்ளையே மணவறைக்கு..."

மகுடபதி நிறுத்தினார். ஸ்கேனரைப் பார்த்தார்.

ஜுலைகா கணினி, ஸ்கேனர் இரண்டையும் அணைத்தாள். பிறகு ஸ்கேனரைக் காட்டினாள். அவர் ஸ்விட்சை அழுத்தினார். உள்ளே ஏதோ உறுமியது. நகர்ந்தது. திரும்பி வந்தது. முகப்பில் ஒரு பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது. அவர் கை கணினியை நோக்கிப் போனது.

"இருங்க."

கை அந்தரத்தில் நின்றது. சமையலறையில் மிக்ஸி ஓய்ந்தது. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு அசையாமல் எரிந்தது.

"இப்பப் போடுங்க."

கணினி எழும்போதே, கேபிளின் மறுமுனையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டது. அது கேட்பது அந்த ஒரு தடவைதான். ஸ்கேனர் பதில் சொன்னது. திரையில் அதன் பெயர் வந்தது.

"தெய்வானை!" என்று கத்தினார் மகுடபதி. "வந்துருச்சு! அட, வாடி சீக்கிரம்!"

தேங்காய்த் துருவல் ஒட்டிய கையோடு ஓடி வந்தாள் தெய்வானை. அவர் நெகட்டிவைச் செருகினார். சுருட்டிய பாயை விரிப்பது போல, படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பனந்தலைகள். கூட்டம். ஊதலை வாயில் வைத்த நடுவர். பிறகு இருபது வயதுத் தெய்வானை, முகமெல்லாம் மண்ணாக, குப்புற விழுந்து கை நீட்டியிருந்தாள். கணுக்காலை இரு கைகளாலும் பற்றியிருந்தாள் பூங்கொடி. நகம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

விரலுக்குக் கீழே வெறும் மண். இடது ஓரத்தில் கொஞ்சம் சுண்ணாம்புக் கோடு. வலது ஓரத்தில் கொஞ்சம். நடுவில் இருந்ததை எல்லோரும் உருண்டு புரண்டு அழித்திருந்தார்கள்.

மகுடபதி திரைக்குப் பக்கத்தில் குனிந்து கோட்டைத் தேடினார்.

"பாருங்க! தொட்டிருக்கேன்!" என்று குதித்தாள் தெய்வானை. "எத்தனை அழுத்தமாத் தொட்டிருக்கேன் பாருங்க!"

கையை முந்தானையில் துடைத்துவிட்டு, திரையைப் போனில் படமெடுத்து அந்தியூருக்கு அனுப்பினாள். மறுநிமிடமே போன் அடித்தது. பூங்கொடியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"பார்த்தியாடி! ஒரு விரக்கடை பாக்கி இருக்குது! கோடு எங்கடி?"

"நீ உருண்டு அழிச்சுப்போட்டு என்கிட்டக் கேக்கறியா?"

"நானா? கெடாவாட்டம் நீதான் விழுந்தே!"

"உன்ற மூஞ்சியைப் பாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டு... மாப்பிள்ளை அப்படியே உன்னைய உரிச்சு வெச்சிருக்காரு!"

"அவனை இழுக்காதே. நாளைக்குப் பெரிசாப் போட்டுக் கொண்டா. சபை சொல்லட்டும்!"

"சபை தொட்டேன்னுதான் சொல்லும்!"

பதிலுக்கு அந்தப் பக்கம் சிரிப்புதான் வந்தது. தெய்வானையும் சிரித்துக்கொண்டே போனோடு சமையலறைக்குப் போனாள். அங்கிருந்தும் சிரிப்பு கேட்டது.

மகுடபதி திரையை விட்டு நகரவில்லை. முப்பது வருடம் நில அளவைத் துறையில் இருந்தவர். அழிந்துபோன எல்லைகள் எத்தனையையோ கண்டுபிடித்துக் கொடுத்தவர். இழுப்பறையிலிருந்து ஸ்கேலை எடுத்தார்.

"குருவே, இந்தப் பக்கத்துச் சுண்ணாம்பையும் அந்தப் பக்கத்துச் சுண்ணாம்பையும் சேர்த்து ஒரு கோடு இழுத்தா உண்மை தெரிஞ்சுபோயிரும். இதை இன்னும் நாலு மடங்கு நுணுக்கமா ஸ்கேன் பண்ண முடியுமா?"

ஜுலைகா கை நீட்டி ஸ்கேனரை அணைத்தாள்.

"நல்லா முடியுங்ணா," என்றாள். "நூலளவு வித்தியாசம்கூடத் தெரிஞ்சுரும். அதுக்கப்புறம் இவங்க ரெண்டு பேரும் எதை வெச்சுச் சண்டை போடுவாங்க?"