கரடியிடம் விறகு வாங்கிய நாலு நாடு

ஒரே ஒரு ஆறு இருந்ததாம். அந்த ஆற்றின் நடுவில் ஒரே ஒரு மணல் திட்டு இருந்ததாம். விறகு பேரம் நடந்த அன்றைக்கு அந்தத் திட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே எண்ணிச் சொல்லிவிடுகிறேன். உப்புநாட்டு ராஜா ஒருவர், மிளகுநாட்டு ராஜா ஒருவர், வெல்லநாட்டு ராஜா ஒருவர், புளிநாட்டு ராணி ஒருவர், கரடி ஒன்று. தலை ஐந்து. மீசை மூன்று, கரடிக்கு முகம் முழுக்க மயிர், அதனால் அதை மீசையில் சேர்க்கவில்லை. தோணி நாலு. தோணிக்குப் பன்னிரண்டாகப் பலாப்பழம் நாற்பத்தெட்டு. அவ்வளவுதான்.

அந்த நாலு நாட்டிலும் அரிசி உண்டு, பருப்பு உண்டு, பானை உண்டு, விறகுதான் இல்லை. பலாமரத்தைத் தவிர மற்ற எல்லா மரத்தையும் வெட்டி எரித்துவிட்டார்கள். அக்கரையில் பெரிய காடு, அந்தக் காட்டுக்குக் கரடிதான் ராஜா. காட்டில் எல்லா மரமும் உண்டு, பலாமரம் மட்டும் இல்லை. கரடிக்கோ பலாப்பழம் என்றால் உயிர். அதனால் ஒரு கட்டு விறகுக்கு ஒரு பழம் என்று வெகுகாலம் நடந்துவந்ததாம்.

ஒரு நாள் கரடிக்கு ஆசை பெருத்துவிட்டது. நேரே உப்பு ராஜாவிடம் போய், "மகராசா, மிளகு ராஜா கட்டுக்கு ரெண்டு பழம் தர்றாராம். நீங்க எப்படி?" என்றது. அவர் பயந்துபோய், "நானும் ரெண்டு" என்றார். அப்புறம் மிளகு ராஜாவிடம் போய், "உப்பு ராஜா ரெண்டு தர்றாரு" என்றது. அவர், "அந்த உப்பு மூட்டைக்கு நான் சளைச்சவனா? மூணு!" என்றார். அப்புறம் வெல்ல ராஜாவிடம் போய், "மிளகு ராஜா மூணு" என்றது. அவர், "நாலு!" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகு உட்கார்ந்து அழுதார்.

அப்புறம் புளி ராணியிடம் போனது. ராணி நேரே தோணியை எடுத்துக்கொண்டு மூன்று ராஜாக்களையும் போய்க் கேட்டாள், மூன்று பேரையும் மணல் திட்டுக்கு வரச்சொன்னாள்.

"அண்ணே, உங்க பேரைச் சொல்லி அவரை மிரட்டுது, அவர் பேரைச் சொல்லி இவரை மிரட்டுது. இனிமே கரடிகிட்ட யாரும் தனியாப் பேசக்கூடாது. நாலு நாட்டுக்கும் ஒரே பேச்சு, ஒரே விலை" என்றாள்.

"நல்ல யோசனை" என்றார்கள் மூன்று பேரும். "அந்தப் பேச்சை யார் பேசுறது?" என்றாள் ராணி. "நான்தான்" என்றார்கள் மூன்று பேரும்.

முதல் நாள் சண்டை போட்டார்கள், இரண்டாம் நாள் சண்டை போட்டார்கள், மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிட்டதால் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஆளுக்கு ஒரு வார்த்தை! உப்பு ராஜா "ஒரு" என்பார், மிளகு ராஜா "கட்டுக்கு" என்பார், வெல்ல ராஜா "ஒரு" என்பார், ராணி "பழம்" என்பாள். ஒத்திகை பார்த்தபோது மிளகு ராஜா தன்னுடைய ஒரே வார்த்தையை ஏழு தரம் மறந்தார்.

இந்தச் செய்தி எப்படியோ கரடியின் காதுக்குப் போயிற்று. அது ஆற்றை நீந்தி வெல்ல ராஜாவிடம் வந்தது.

"மகராசா, உங்க வார்த்தைதான் கணக்கு வார்த்தை. 'ஒரு'ங்கிற எடத்துல 'மூணு'ன்னு மாத்திச் சொல்லிடுங்க. உங்களுக்கு மட்டும் பன்னெண்டு கட்டும் சும்மா தர்றேன்."

"யாருக்கும் தெரியாதே?"

"நானா சொல்லப்போறேன்?"

வெல்ல ராஜா சரி என்றுவிட்டார். பேர நாளும் வந்தது. அடைமழைக்கு வானம் கறுத்துக் கிடந்தது. புளிநாட்டில் அந்த வாரம் பதினொரு பெண்கள் பிள்ளை பெற்றிருந்தார்கள். அத்தனை பேருக்கும் வெந்நீர் வேண்டும். பன்னிரண்டு பழத்துக்குப் பன்னிரண்டு கட்டு கிடைத்தால் ஒப்பேற்றிவிடலாம். கட்டுக்கு மூன்று பழம் என்றால் நாலே கட்டுதான், நாலு நாளில் அடுப்பு அணைந்துவிடும்.

கரடி ஆற்றுநீரைத் தொட்டு, "நாலு வாயும் சேர்ந்து என்ன சொல்லுதோ, அதுதான் விலை. ஆத்து மேல சத்தியம்!" என்றது. உள்ளுக்குள் ஒரே சிரிப்பு அதற்கு.

"ஒரு" என்றார் உப்பு ராஜா.

மிளகு ராஜா முழித்தார், தலையைச் சொறிந்தார், "ஆங்... கட்டுக்கு!" என்றார்.

"மூணு" என்றார் வெல்ல ராஜா, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

ராணிக்குப் பகீரென்றது. மூன்று வார்த்தை போய்விட்டது, கையில் இருப்பது ஒன்று. மூச்சை இழுத்தாள்.

"கொட்டை!" என்றாள்.

"என்னது?" என்றது கரடி.

உப்பு ராஜா விரலை மடக்கி மடக்கிச் சேர்த்துப் பார்த்தார். "ஒரு, கட்டுக்கு, மூணு, கொட்டை. ஆமா, சரியாத்தான் இருக்கு."

"அதெப்படி! 'மூணு பழம்'னுதானே பேச்சு?" என்று கரடி குதித்தது.

"அந்தப் பேச்சை உன்கிட்ட பேசுனது யாரு?" என்றாள் ராணி.

கரடி வெல்ல ராஜாவைப் பார்த்தது. உப்பு ராஜாவும் பார்த்தார். மிளகு ராஜா மறக்காமல் பார்த்தார்.

"பன்னெண்டு கட்டு சும்மான்னு சொல்லுச்சு..." என்று வெல்ல ராஜா முனகினார்.

"சரிங்கண்ணே, கொட்டையை நீங்களே எடுத்துக் குடுங்க" என்றாள் ராணி. கைக்குத் தடவ எண்ணெயும் தரவில்லை. எண்ணெய் இல்லாமல் பலாப்பழத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். விரலோடு விரல் ஒட்டிற்று, மீசையைத் தள்ளப்போய் மீசையோடு கை ஒட்டிற்று, மீசையோடு நாலு ஈயும் ஒட்டிற்று.

முதல் பழத்தில் தொண்ணூற்றிரண்டு கொட்டை, இரண்டாவதில் எழுபத்து நாலு. ஆக நூற்று அறுபத்தாறு. நாற்பத்தெட்டு கட்டுக்கு நூற்று நாற்பத்து நாலைக் கரடிக்கு எண்ணிக் கொடுத்தார்கள். கரடி கோபத்தில் அத்தனையையும் பச்சையாகவே தின்றது. அப்புறம் அதன் வயிறு போட்ட சத்தத்தை இடி என்று நினைத்து, இரண்டு கரைத் தவளைகளும் மழைக்குக் கத்தினவாம்.

நாட்டுக்குப் பன்னிரண்டு கட்டு விறகு போயிற்று. வெல்லநாட்டு ஜனங்கள் என்ன பாவம் செய்தார்கள், அவர்களுக்கும் பன்னிரண்டுதான். ஆனால் அதை அவர்கள் ராஜாவே தலையில் சுமந்து தோணிக்கும் வீட்டுக்குமாகப் பன்னிரண்டு நடை நடந்தார். புளிநாட்டில் பதினொரு வீட்டிலும் வெந்நீர் கொதித்தது.

கூட்டாளிகளை விற்கிறவன் கையில் பிசின்தான் ஒட்டும்.

கரடிக்குக் கொடுத்தது போகக் கொட்டை இருபத்திரண்டு இருந்ததல்லவா? வெல்ல ராஜாவுக்குப் பங்கில்லை. மற்ற மூன்று பேரும் ஆளுக்கு ஏழு எடுத்துக்கொண்டார்கள். விறகு எரிந்தது, உலை கொதித்தது, கதையும் வெந்து இறங்கிவிட்டது.

மீதி, கொட்டை ஒன்று.